கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தால் குழந்தையின் கிட்னிக்கு என்ன ஆகும்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதல் குழந்தை, 26 வாரம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததில் சர்க்கரை 162. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இரண்டு கிட்னியும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், போன வார ஸ்கேனில் "தண்ணீர் கொஞ்சம் அதிகம்" என்று வந்திருக்கிறது. கேட்பவரின் அப்பா சர்க்கரையால் கிட்னி போய் டயாலிசிஸிலேயே இறந்தவர். அதனால் பயம்: அப்பாவுக்கு வந்தது குழந்தைக்கு வயிற்றிலேயே ஆரம்பித்துவிடுமா? இன்சுலின் போடச் சொன்னால் அது குழந்தையின் கிட்னியை இன்னும் கெடுக்குமா? இந்தப் பயத்தில் இரண்டு வாரமாகச் சோற்றை அடியோடு நிறுத்தி, காலையில் ஒரு இட்லி, மதியம் வெள்ளரிக்காய் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறாராம்.

முதல் வேலையாகப் போய்ச் சாப்பிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், நீங்கள் பயப்படும் அதே கிட்னிக்காகத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வந்ததும் குழந்தைக்கு வரலாம் என்று நாம் பேசுவதும் ஒன்றல்ல. அப்பாவுக்கு நடந்தது, முழுசாக வளர்ந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கிட்னி பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரையில் மெல்ல மெல்லத் தழும்பேறிப் போனது. குழந்தைக்கு அப்படி ஒரு வியாதி வயிற்றில் தொடங்குவதில்லை. அங்கே நடப்பது கட்டுமானம். கட்டி முடித்த வீட்டில் சுவரெல்லாம் ஓதம் ஏறுவது வேறு, வீடு கட்டும்போதே செங்கல் வந்து சேராமல் ஓர் அறை குறைந்துபோவது வேறு. அம்மாவின் சர்க்கரை குழந்தைக்கு என்ன செய்யும் என்பது இந்த இரண்டாவது வகைக் கேள்வி. அதற்குப் பதில், சர்க்கரை எந்த மாதத்தில் ஏறியது, எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்தது. இதைப் பிரிக்காமல் "சர்க்கரை இருந்தால் குழந்தைக்குக் கிட்னி போகும்" என்று மொட்டையாகச் சொல்கிறவர்கள்தான் பாதிப் பயத்துக்குக் காரணம்.

கிட்னி எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கரு தரித்து 5வது வாரத்தில், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் 7வது வாரத்தில், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும், கருவின் கீழ்ப்பகுதியில் ஒரு குழாயிலிருந்து மொட்டு மாதிரி ஒன்று முளைக்கிறது. பக்கத்தில் ஒரு செல் கூட்டம் அதற்காகக் காத்திருக்கிறது. மொட்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டும் ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. கூட்டம் "கிளை விடு" என்கிறது, மொட்டு இரண்டாகக் கிளை விடுகிறது. மொட்டு "நீ வடிகட்டியாக மாறு" என்கிறது, அதன் நுனியைச் சுற்றியிருக்கும் செல்கள் சுருண்டு மடிந்து ஒரு வடிகட்டியாக ஆகின்றன. இந்த வடிகட்டிக்குப் பெயர்தான் நெஃப்ரான். கிளை இரண்டு, நான்கு, எட்டு என்று முருங்கை மரம் மாதிரி விட்டுக்கொண்டே போகிறது, நுனிதோறும் நெஃப்ரான்கள் முளைத்துக்கொண்டே போகின்றன. இது சுமார் 36வது வாரம் வரை நடக்கிறது. மொத்த நெஃப்ரான்களில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன.

36வது வாரத்துக்குப் பிறகு? ஒன்றுகூடப் புதிதாக வராது. தோல் வளரும், எலும்பு கூடும், கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மறுபடி பெருகும், ஆனால் நெஃப்ரான் அப்படி இல்லை. இருக்கும் நெஃப்ரான் பெரிதாகும், எண்ணிக்கை ஏறாது. இது பிறக்கும்போது மடியில் கட்டிக் கொடுத்தனுப்பும் முதல், அதை வைத்துத்தான் ஆயுசு முழுக்கச் செலவு செய்ய வேண்டும். இந்த முதல் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. ஒரு கிட்னிக்குச் சராசரியாக 9, 10 லட்சம் என்று சொல்வார்கள், ஆனால் பிரேதப் பரிசோதனைகளில் எண்ணிப் பார்த்ததில் 2 லட்சம் சொச்சம் உள்ளவர்களும் இருந்தார்கள், 25 லட்சத்தைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். பத்து மடங்கு வித்தியாசம்! 2 லட்சம் வைத்திருந்தவர் கிட்னிக்காரர் என்று ஊரில் பெயர் எடுத்தவராக இருக்க வேண்டியதில்லை, சாதாரணமாக வாழ்ந்திருக்கலாம். குறைவான முதலோடு வந்தவர் பிற்காலத்தில் பிரஷர், சர்க்கரை, உடல் பருமன் என்று ஒன்றிரண்டு சேரும்போது சீக்கிரம் சிரமப்படுவார், அவ்வளவுதான்.

இந்தக் கருத்தை 1988-ல் பிரென்னர் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் தன் சகாக்களோடு முன்வைத்தார்: நெஃப்ரான் குறைவாக இருந்தால், இருக்கிற ஒவ்வொன்றும் அதிக வேலை பார்க்கிறது, வீங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, கடைசியில் தழும்பாகிறது, அது மற்றவற்றின் சுமையைக் கூட்டுகிறது. 2003-ல் ஜெர்மனியில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. விபத்தில் இறந்தவர்களில் பிரஷர் இருந்த 10 பேரையும் இல்லாத 10 பேரையும் எடுத்து நெஃப்ரானை எண்ணினார்கள். பிரஷர் இல்லாதவர்களுக்குக் கிட்னிக்கு சுமார் 14 லட்சம், பிரஷர் இருந்தவர்களுக்கு சுமார் 7 லட்சம். சரியாகப் பாதி. இருபது பேர்தான், ஆனாலும் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் யாரும் அந்த எண்ணை மறக்கமாட்டார்கள்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. அம்மாவுக்கு ஏறினால் குழந்தைக்கும் ஏறும், அதைச் சமாளிக்கக் குழந்தை தன் கணையத்திலிருந்தே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். கோபன்ஹேகனில் பெடர்சன் என்பவர் 1950-களிலேயே சொன்னது இது, இன்று வரை அடிப்படை அதுதான். (அதனால் உங்கள் இன்சுலின் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிந்துவிட்டது. போடச் சொன்னால் போடுங்கள், ஊசி மருந்து குழந்தையிடம் போய்ச் சேராது, அது கீழே இறக்குகிற சர்க்கரையின் பலன் மட்டும்தான் குழந்தைக்குப் போகும்.)

சர்க்கரை முதல் எட்டுப் பத்து வாரத்திலேயே அதிகமாக இருந்தால் பாதிக்கப்படுவது அந்த முதல் மொட்டு. மொட்டு முளைக்காமல் போனால் ஒரு பக்கத்துக் கிட்னியே இருக்காது, தப்பான இடத்தில் முளைத்தால் குழாய் அடைப்பு, சிறுநீர் மேலே திரும்பும் கோளாறு, கிளை சரியாக விடாவிட்டால் சின்னக் கிட்னி. மிக அபூர்வமாக முதுகெலும்பின் அடிப்பகுதியும் கால்களும் கிட்னியும் சேர்ந்தே வளராமல் போகும் ஒரு பிறவிக் கோளாறு உண்டு, அதற்கும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு பல காலமாகத் தெரிந்தது. இதெல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து, அது கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் பிரச்சினை. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது, கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கிட்னிக் கோளாறு வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருந்தது, கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. காரணம் எளிது, அவர்களுக்குச் சர்க்கரை ஏறும்போது மொட்டு எப்போதோ முளைத்து, குழாய் போட்டு, முதல் கிளைகளை விட்டு முடித்திருக்கும். உங்களுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் இரண்டு கிட்னியும் அதனதன் இடத்தில், மூத்திரப்பை நிரம்பிக் காலியாவது வரை பார்த்து எழுதிவிட்டார்கள். அந்த அத்தியாயம் உங்களைப் பொறுத்தவரை முடிந்தது.

ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் "கர்ப்பத்தில் வந்த சர்க்கரை" என்று எழுதப்படுவதில் கொஞ்சப் பேருக்கு அது உண்மையில் முன்பே இருந்து, யாரும் பார்க்காமல் விட்ட சர்க்கரையாக இருக்கும். முதல் மாதங்களில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுங்கள். அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது சாதாரணமாக இருந்திருந்தால் நிம்மதி.

அடுத்தது நீங்கள் இப்போது இருக்கும் காலம், கிளைவிட்டு நெஃப்ரான் எண்ணிக்கை ஏறும் காலம். இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது, ஸ்கேனில் எதுவும் தெரியாது என்பதால். ஸ்கேன் கிட்னியின் நீளத்தை அளக்கும், உள்ளே எத்தனை வடிகட்டி என்று எண்ணாது. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலியிலிருந்து வந்தது. சர்க்கரை ஏற்றப்பட்ட தாய் எலிகளின் குட்டிகளுக்கு நெஃப்ரான் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்ததைப் பிரான்சில் எண்ணிப் பார்த்தார்கள். கிட்னி உருவாகும் சில நாட்கள் மட்டும் தாய் எலிக்கு குளுக்கோஸ் ஏற்றினாலே குறை தெரிந்தது. அந்தக் குட்டிகள் வளர்ந்து பெரிதானதும் பிரஷர் ஏறியது, உப்பு கொடுத்தால் இன்னும் ஏறியது. சர்க்கரை அதிகமான இடத்தில் செல்லுக்குள் ஆக்ஸிஜன் கழிவு பெருகி, நெஃப்ரானாக மாற வேண்டிய செல்கள் மாறுவதற்கு முன்பே தற்கொலை செய்துகொள்கின்றன என்று மான்ட்ரியலில் சுண்டெலிகளில் காட்டினார்கள். ஆனால் கவனியுங்கள், இந்த எலிகளில் பெரும்பாலானவற்றின் சர்க்கரை முந்நூறு நானூறு என்று எகிறும் சர்க்கரை, மருந்து கொடுத்துக் கணையத்தை அழித்து உண்டாக்கியது. உங்கள் 162-ஐ அதோடு ஒப்பிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

மனிதர்களில்? உயிரோடிருக்கும் மனிதரின் நெஃப்ரானை எண்ண முடியாது, அதனால் சுற்றி வளைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பிரான்சில் நடந்தது, 2010-ல் வெளியானது. சர்க்கரை இல்லாத, வளர்ந்த ஆட்களை இரண்டு கூட்டமாக எடுத்தார்கள்: ஒரு கூட்டத்துக்கு அம்மாவுக்கு டைப் 1 சர்க்கரை (பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்துவிடும் வகை), இன்னொரு கூட்டத்துக்கு அப்பாவுக்கு. பரம்பரை என்று பார்த்தால் இரண்டுமே சமம், வித்தியாசம் கருப்பையில் மட்டும்தான். நரம்பு வழியாக அமினோ அமிலம் ஏற்றினால் நல்ல கிட்னி கூடுதலாக வடிகட்டிக் காட்டும், கை இருப்பில் எவ்வளவு வைத்திருக்கிறது என்று அதில் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை உள்ளவர்களின் கிட்னி அப்படிக் காட்டியது, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தவர்களின் கிட்னி அசையவில்லை. இவர்களும் நோயாளிகள் அல்லர், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான். இருப்பு குறைவு, அவ்வளவே. அதோடு அந்த அம்மாக்களுக்குச் சர்க்கரை கருத்தரித்த நாள் முதல் இருந்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், உலகத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும் சமூகங்களில் ஒன்று, பல பத்தாண்டுகளாக அவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே சர்க்கரை வந்தவர்களில், அம்மாவின் கர்ப்பத்தின்போதே சர்க்கரை இருந்திருந்தால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுவது (வடிகட்டி பழுதாவதன் அடையாளம் அது) கணிசமாக அதிகம். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான், எடை கூடிப் பிறந்தவர்களுக்கும் அதிகம் என்பதுதான் எல்லாரையும் யோசிக்க வைத்தது. அந்தக் கனமான குழந்தைகளின் ஆபத்துக்குப் பின்னால் இருந்தது அம்மாவின் சர்க்கரை. பொதுவாக எடை கூடக் கூட நெஃப்ரானும் கூடும். சர்க்கரையால் கூடும் எடையோ கொழுப்பு. "நாலு கிலோ, கொழுகொழுன்னு இருக்கான், அவனுக்கென்ன கிட்னி வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள்.

அந்த "தண்ணீர் அதிகம்" என்ன? பனிக்குட நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அதில் பெரும்பகுதி குழந்தையின் மூத்திரம்தான். குழந்தை அதை விழுங்கும், மறுபடி கழிக்கும், இப்படியே சுற்றும். உங்களுக்குச் சர்க்கரை ஏறினால் குழந்தைக்கும் ஏறுகிறது, ஏறினால் நமக்கு எப்படி அடிக்கடி போகுமோ அதே மாதிரி குழந்தைக்கும் போகிறது, பனிக்குடத்தில் தண்ணீர் கூடுகிறது. உங்கள் அளவில் அது கிட்னி கெட்டதற்கு அடையாளம் அல்ல, கிட்னி வேலை செய்வதற்கு அடையாளம். நாங்கள் பயப்படுவது தண்ணீர் வற்றும்போதுதான். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் தண்ணீரும் குறைந்துவிடும், அடுத்த ஸ்கேனில் பாருங்கள். ஆனால் அலட்சியமும் வேண்டாம்: தண்ணீர் ரொம்பக் கூடினால் பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம். என்னைக் கேட்டால் குழந்தையின் கிட்னிக்கு 162-ஐ விடப் பெரிய எதிரி குறைமாதம். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நெஃப்ரான் உருவாவது வெளியே வந்து சுமார் 40 நாள் மட்டும் தடுமாறித் தடுமாறி நடந்து, அதோடு நின்றுவிடும். அந்த நாட்களில் கிருமிக்காகப் போடும் சில ஊசிகளும் கிட்னிக்கு நல்லதல்ல, உயிரைக் காக்க வேறு வழி இருக்காது. அதனால் வயிறு திடீரென்று கனத்துக் கல்லாக இறுகினால், தண்ணீர் கசிந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று படுக்காதீர்கள். நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டி வந்தால் அடுத்த சில நாள் சர்க்கரை எகிறும், அது எதிர்பார்த்ததே, அந்த நாட்களில் அடிக்கடி பார்த்து இன்சுலினைக் கூட்டிக்கொள்வார்கள்.

இனி சாப்பாடு. சோற்றை நிறுத்தியது நல்ல எண்ணத்தில் செய்த தப்பு. கர்ப்பத்தில் புரதம் குறைந்த எலிகளின் குட்டிகளுக்கும் நெஃப்ரான் குறைகிறது, சர்க்கரை ஏறிய எலிகளின் குட்டிகளுக்குக் குறைகிற மாதிரியே. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மன் முற்றுகையால் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பத்தின் நடு மாதங்களைப் பட்டினியில் கழித்த தாய்மார்களின் பிள்ளைகளை ஐம்பது வயதுக்கு அருகில் சோதித்தபோது, சிறுநீரில் அல்புமின் கசிவது மற்றவர்களை விட அதிகமாக இருந்தது. நடு மாதம் என்றால் ஏறக்குறைய நீங்கள் இப்போதுதான் தாண்டியிருக்கும் மாதங்கள். கட்டுமானத்துக்கு வெள்ளமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் வேறு ரத்தத்தில் வரும்.

காலையில் இரண்டு இட்லி, சாம்பார் நிறைய, கூட ஒரு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகப் பொரியலும் கூட்டும், பருப்போ மீனோ கட்டாயம். நான்கு மணிக்கு மோர், கொஞ்சம் வேர்க்கடலை. ராத்திரி இரண்டு சப்பாத்தியோ தோசையோ, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் சர்க்கரை இல்லாமல். ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதுதான் சூட்சுமம். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ நடங்கள். கேழ்வரகு நல்லது என்று கஞ்சியாகக் கரைத்துக் குடிக்கிறவர்கள் ஒரு தடவை குடித்து ஒரு மணி நேரத்தில் மெஷினில் குத்திப் பார்க்கவும், திகைத்துப் போவீர்கள். கரைத்துக் காய்ச்சியது எதுவாக இருந்தாலும் சர்ரென்று ஏறும், அடையாகவோ களியாகவோ சாப்பிட்டால் பரவாயில்லை. சிறுகுறிஞ்சான் பொடி, யாரோ கொடுத்த லேகியம் எல்லாம் பிரசவம் வரைக்கும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இலக்கு எண்கள்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. உங்களுக்குச் செய்த சோதனை, வயிறு காலியா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணை வெறும் வயிற்றில் வா என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வரமாட்டாள் என்று சென்னையின் மருத்துவர் சேஷய்யாவும் அவர் கூட்டத்தாரும் வலியுறுத்திக் கொண்டுவந்த முறை அது. அவர் குழு தமிழ்நாட்டில் பார்த்தபோது கர்ப்பிணிகளில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் தனியாக இல்லை, வெயிட்டிங் ஹாலில் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் இன்னொருவருக்கும் இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், ஏனென்றால் நேரில் பார்த்திருக்கிறேன். பிரஷருக்கோ, "கிட்னியைக் காப்பாற்ற" என்றோ சர்க்கரைக்காரர்களுக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் என்று எழுதுவார்கள். அவர்களுக்கு அது நல்ல மருந்துதான். கர்ப்பிணி அதையே நான்காம் மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் குழந்தையின் கிட்னி நேரடியாக அடிவாங்கும், மூத்திரம் நின்று பனிக்குடம் வற்றும். ஒரு அம்மா, முன்பிருந்தே சர்க்கரையும் பிரஷரும், தினமும் காலையில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டே ஏழு மாதம் வந்துவிட்டார், பார்த்த யாரும் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்" என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்கேனில் தண்ணீரே இல்லை. பிறந்த குழந்தையின் துணி மூன்று நாள் உலர்ந்தே கிடந்தது. அந்த உலர்ந்த துணியை எடுத்துக்காட்டி அந்தப் பாட்டி கேட்ட கேள்வியை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், லபெட்டலால், நிஃபெடிபின் மாதிரி வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இடுப்பு வலி, பல்வலி என்று மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூட 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் கிட்னி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால்.

குழந்தை பிறந்ததும் கிட்னிக்கென்று தனியாக நீங்கள் ஓட வேண்டியது எதுவும் இல்லை. முதலில் பார்ப்பது அதன் சர்க்கரை, உங்கள் வழியாக வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டதால் சட்டென்று இறங்கும், அதனால் முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் மூத்திரம் போயிருக்கிறதா என்று கவனியுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை பார்த்து அலறுவார்கள், அது பெரும்பாலும் யூரிக் உப்பு, பால் நன்றாக இறங்கியதும் போய்விடும். உண்மையிலேயே சிவப்பாகப் போய், விலாவுக்குக் கீழே கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள். சர்க்கரைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு ரத்தம் கெட்டியாக இருப்பதால் கிட்னியின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது அபூர்வமாக நடப்பதுண்டு.

அதற்குப் பிறகு வேலை மெதுவானது. மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு எதற்குப் பிரஷர் என்று கேட்பார்கள், பெரியவர்களின் பட்டையைச் சுற்றிவிட்டு ஒரு எண்ணைச் சொல்வார்கள், குழந்தைக் கைக்கு ஏற்ற சின்னப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், பெரிய பட்டையில் எண் குறைவாகத்தான் காட்டும். பாக்கெட் சிப்ஸ், அப்பளம், ஊறுகாயைப் பழக்கிவிடாதீர்கள். எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கெல்லாம் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். வருடா வருடம் கிட்னி ஸ்கேன், கிரியாட்டினின் என்று எடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் அதே நாளில் செய்துகொள்ளலாம், ஆனால் நம் பெண்கள் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுத் தங்கள் ரத்தத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுவார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம், இரண்டு மூன்று வருடத்திலேயே வந்து தெரியாமல் இருக்கலாம். அப்படி இருக்கும்போது அடுத்த குழந்தை உண்டானால், நான் மேலே சொன்ன அந்த 5வது வாரத்து மொட்டு ஏறிய சர்க்கரையில் முளைக்க வேண்டியிருக்கும். இந்தக் குழந்தை தப்பித்த அத்தியாயத்தில் அது மாட்டிக்கொள்ளும். அதனால் அடுத்ததற்கு யோசிக்கும்போதே எச்பிஏ1சி பார்த்து 6.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டு, அப்புறம் கருத்தரியுங்கள்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் முதல் பக்கத்து ஓரத்தில் உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்: "அம்மாவுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, 26வது வாரம், 162." பள்ளிக்கூடம் போகும் வயதில் யாரோ ஒரு மருத்துவர் முன் உட்காரும்போது நீங்கள் சொல்ல மறந்துவிடுவீர்கள், அந்த அட்டை சொல்லும்.